ஒரு நூல் ஏற்றம்

ஜூலை 6, 2024, சனி

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். வலது கண்ணில் கட்டு. நெற்றிக்கு ஒரு தலையணை, மார்புக்கு ஒன்று, முகம் தரையைப் பார்த்தபடி. விழித்திரை விலகலுக்கு நேற்று புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. இன்று கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்துவிட்டோம். காரிலும் குனிந்தே வந்ததால் தென்பெண்ணைப் பாலம் கடந்ததைச் சக்கரத்தின் தடதடப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

எப்படித் தொடங்கியது என்பதையும் எழுத வேண்டுமாம். ஜூன் 24 வாக்கில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கரும்புள்ளிகள், நூலாம்படை மாதிரி இழைகள். இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டும். ஒரு கண்ணாடிக் கடையில் காட்டினேன். ஐம்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் பறக்கும் என்றார்கள். கடுமையான கிட்டப்பார்வைக்கு மைனஸ் ஒன்பது கண்ணாடி போட்டவன் நான். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் 29-ம் தேதி மூக்கோரமாகக் கீழிருந்து கறுப்புத் திரை ஏறியதே, அப்போது ஓடியிருக்க வேண்டியவன் நான்தான். வண்டிப்பாளையத்தில் நான் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்திருந்தது. ஆடி பிறப்பதற்குள் தளம் போட்டாக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். நான் ஒற்றைக் கண்ணோடு நின்று தளம் போட்டேன். ஐந்து நாள் போயிற்று. அதற்குள் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவும் கழன்றுவிட்டது. எழுத்துப் படிப்பதும் நேர்க்கோடு பார்ப்பதும் அந்த இடத்தால்தானாம். அது கழலும் முன் வந்திருந்தால் பார்வை இன்னும் நன்றாக மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஜூலை 8, திங்கள்

எனக்கு நடந்தது என்ன என்பதை என் தொழில் வார்த்தையில் மகளுக்குச் சொன்னேன். சுவரில் ஒரு விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும், பூச்சு உப்பும், தட்டினால் பொள்ளென்று கேட்கும், பிறகு பாளம் பாளமாக விட்டு வரும். கண்ணிலும் அதேதான். உள்ளே இருக்கும் கூழ் வயதானால் சுருங்குகிறது, போகிற போக்கில் திரையை இழுத்து ஒரு கிழிசல் உண்டாக்குகிறது, அந்த வழியே நீர் புகுந்து திரையைச் சுவரிலிருந்து தூக்குகிறது. மருத்துவர்கள் கூழை எடுத்து, நீரை வடித்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு, கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். லேசர் போட்ட இடம் தழும்பாகி இறுகும்வரை வாயு முட்டுக் கொடுக்கிறது. வாயு மேல்நோக்கித்தான் போகும். திரை இருப்பது கண்ணின் பின்சுவரில். ஆகவே நான் குப்புறக் கிடக்க வேண்டும், மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓய்வு, ஏழு நாள்.

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் கண் போனது போனதுதானாம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனான், கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்தால்தான் திரை ஒட்டும் என்று 1920-களில் நிலைநாட்டினார் என்று மகள் படித்துக் காட்டினாள். மனிதர் நம் இனம். ஒழுகுகிற இடம் எதுவென்று பார்க்காமல் மேலே மேலே சிமெண்ட் பூசுகிறவர்களோடு நான் முப்பது வருடமாகச் சண்டை போடுகிறேன்.

ஜூலை 10, புதன்

தட்டைத் தரையில் வைத்து இட்லி. தேநீர் உறிஞ்சுகுழலில், அது தேநீரே இல்லை. வருகிறவர்களைக் காலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன். சிமெண்ட் தின்ற விரல்கள் வாசலில் நின்றபோது கொத்தனார் வந்திருக்கிறார் என்று முகம் பார்க்காமலே சம்பளக் கணக்கைத் தொடங்கினேன்.

அக்கா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாடலீசுவரர் கோயில் திருநீற்றோடு வந்தாள். சுந்தரருக்கு ஒரு கண் காஞ்சியில் கிடைத்தது, இன்னொன்றுக்குத் திருவாரூர்வரை நடக்க வேண்டியிருந்தது, உனக்கு என்ன அவசரம் என்றாள். அவள் போன பிறகும் அதை நினைத்துச் சிரித்தேன்.

ஐந்து நாளாக இடக்கண் பார்ப்பது கூடத்துத் தரையை மட்டும்தான். நான் நின்று பதித்த டைல்ஸ். சன்னலோரம் மூன்றாவது வரிசையில் ஒரு டைல் பக்கத்து டைலைவிட ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறியிருக்கிறது. வெயில் சாய்கையில் அதன் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று மனைவி பல வருடமாகச் சொல்கிறாள். துடைக்கத் தெரியவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எழுதுகிற மகள் சிரிக்கிறாள்.

ஜூலை 19, வெள்ளி

குப்புறப் படுக்கை முடிந்தது. மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது. சொட்டு மருந்துகள் நேரத்துக்கு நேரம். இனி நானே எழுதுகிறேன், கோணல் எழுத்து.

ஆடிக்கு அழைத்ததில் வந்த மாப்பிள்ளை, மாறுதலுக்கு ஏற்காடு போகலாமா என்றார். கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். கண்ணழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிடும். விமானமும் அப்படியே. வேறு எந்த அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பாவம், சில்வர் பீச்சோடு முடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வலது கண்ணின் பார்வையில் பாதிவரை நீர்மட்டம். மேலே உலகம், கீழே கலங்கல். தலையைச் சாய்த்தால் கோடு சாயாமல் மட்டமாகவே நிற்கிறது. மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை விழுங்கிவிட்டவன் போல இருக்கிறேன். வாயு கண்ணின் மேற்பாதியில்தான் இருக்கிறது. திரையில் எல்லாம் தலைகீழாக விழுவதால் எனக்குக் கீழே தெரிகிறது. குனிந்தால் அது வட்டமாகி நடுவில் வந்து ஆடுகிறது. அதை ஆட்டி விளையாடியதற்குத் திட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வாயுக் குமிழி மிளகளவு ஆனது, இரண்டாக உடைந்தது, நேற்று மாலை காணவில்லை. எட்டு வாரம். திரை ஒட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். கண்புரை இனி விரைவாக வரும் என்றும் சொன்னார். வரட்டும்.

வண்டிப்பாளையத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இடக்கண்ணில் நூல் நேராக இருக்கிறது. வலக்கண்ணில் நடுவில் சற்றே வயிறு தள்ளுகிறது. மாதங்கள் போனால் குறையலாம், முழுதும் போகாமலும் இருக்கலாம் என்கிறார்கள். குண்டு என்னவோ சரியாகத்தான் தொங்கியது. கொத்தனாரிடம் ஒன்றும் சொல்லாமல் நூலைச் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கொத்தனாரை வரவழைத்து மூன்றாவது வரிசை டைலைப் பெயர்த்தோம். அடியில் கலவை ஒரு மூலையில் திரண்டிருந்தது. சுரண்டி, புதிதாகப் போட்டு, ரசமட்டம் வைத்தேன். வலக்கண் குழாய் வளைந்திருக்கிறது என்றது. இடக்கண் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறது என்றது. சரி என்றேன்.

மாலையில், கலவை இறுகிவிட்டதா என்றுகூடக் கேட்காமல், மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை அங்கே ஊற்றினாள். இருவரும் குனிந்து பார்த்தோம். வாசல் பக்கம் ஓடியது.