ஆலய இணையத்தளத்தை மாற்றுவோர் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து ஆலயத்தின் இணையத்தளத்தை வேறொரு சேவையகத்திற்கு மாற்றும் பொறுப்பைச் செயலவையினர் என்னிடம் ஒப்படைத்திருப்பதால், இதே வேலையைச் செய்யவிருக்கும் பிற ஆலய, தமிழ்ப்பள்ளி நண்பர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பலகையான சிபேனலில், டொமைனின் (இணையத்தளப் பெயரின்) பதிவுகளைத் திருத்தும் ‘சோன் எடிட்டர்’ பகுதியைத் திறப்பதற்கு முன், டொமைனைப் பதிவு செய்த இடத்தில் எந்த நேம்சர்வர்கள் (அந்தப் பதிவுகளை வைத்திருந்து வழங்கும் சேவையகங்கள்) குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். அவை இந்த ஹோஸ்டிங் நிறுவனத்தினுடையவையாக இல்லாவிட்டால், இங்கே எவ்வளவு திருத்தினாலும் பயன் இராது. டிடிஎல் மதிப்பு (ஒரு பதிவைப் பிற சேவையகங்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 நொடியாக, அதாவது நான்கு மணி நேரமாக இருந்தால், மாற்றம் விரைவில் பரவும்படி, மாற்றுவதற்கு முந்தைய நாளே அதை 300 ஆகக் குறைத்துவிடுங்கள்.

இணையத்தளம் இருக்கும் சேவையகத்தைக் காட்டும் ‘ஏ’ பதிவில் புதிய ஐபி எண்ணை (சேவையகத்தின் எண் முகவரியை) இடுவது எளிது. கவனம் தேவைப்படுவது மின்னஞ்சலில்தான். மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு ஐபி எண்ணை அல்ல, ஒரு சேவையகத்தின் பெயரையே சுட்ட வேண்டும். அந்தப் பெயரும் சிநேம் பதிவாக (இன்னொரு பெயருக்கான மாற்றுப்பெயராக) இருக்கக் கூடாது. நம் பெயரில் எந்தச் சேவையகங்கள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று கூறும் எஸ்பிஎஃப் விவரம் ஒரு டொமைனுக்கு ஒரே டெக்ஸ்ட் பதிவாக இருக்க வேண்டும். வழக்கமான மின்னஞ்சலுக்கு ஒன்று, நன்கொடை ரசீது அனுப்பும் சேவைக்கு ஒன்று என இரண்டு வைத்தால், பெறும் சேவையகம் அதைப் பிழையென்றே கொள்ளும். இரண்டையும் ஒரே வரியில் இணைத்துவிடுங்கள்.

திருவிழா அழைப்பிதழ்கள் மின்னஞ்சலில் போகும் வாரத்தில், தலைவரே அவசரப்படுத்தினாலும், இந்த வேலையைத் தொடாதீர்கள். பழைய ஹோஸ்டிங் கணக்கையும் உடனே மூட வேண்டாம். மாற்றத்திற்குப் பிறகும் சில கடிதங்கள் அங்கே வந்து சேரக்கூடும்.