படிவத்தில் இடமில்லாதவர்கள்

சாலையில் போக்குவரத்தை எண்ணுவதற்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. சந்திப்பில் நாற்காலி போட்டு அமர்ந்து, கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். ஐந்தாவது கோடு குறுக்கே. பிறகு எல்லாவற்றையும் காரின் கணக்குக்கு மாற்றுவோம். சாலைப் பொறியியலுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990இல் ஊரகச் சாலைகளுக்கு வகுத்த அட்டவணைப்படி கார் 1, லாரியும் பஸ்ஸும் 3, மிதிவண்டி 0.5, மாட்டு வண்டி 8. ஒரு வண்டி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாமதப்படுத்துகிறது என்பதே அந்த எண்ணின் பொருள். நகரச் சாலைகளுக்கான எண்கள் கொஞ்சம் வேறுபடும். நடந்து போகிறவருக்கு இரண்டிலுமே எண் கிடையாது. வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் வரை இது என்னை உறுத்தவே இல்லை.

கொங்குப் பகுதியின் பின்னலாடை ஊர் ஒன்றில் நகராட்சி உதவிப் பொறியாளராக இருந்தேன். எங்கள் கணக்கெடுப்பு பெரும்பாலும் காலை ஒன்பதரைக்கு மேல்தான் தொடங்கும். பனியன் கம்பெனிகளோ எட்டரைக்கே தொடங்கிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். அதாவது, அந்த ஊரை நடத்துகிறவர்கள் சாலையில் இருக்கும் இரண்டு பொழுதுகளிலும் நாங்கள் சாலையில் இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை குழாய் உடைப்பைப் பார்க்கப் போய் இரவு வரை அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. சம்பள நாள். எட்டரை மணிக்குக் கம்பெனி வாசல்கள் திறந்ததும் சந்துகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தூக்குப்போசியோடு பெண்கள், கைகோத்து நடக்கும் இளம் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பையன்கள் ஒரே மிதிவண்டியில் இருவராக. எல்லாரும் தார்ச்சாலையில், பஸ்ஸுக்கும் சரக்கு வேனுக்கும் நடுவில். சாலையின் இரண்டு பக்கமும் நடைபாதை இருந்தது. முந்தைய ஆண்டு நானே வரைந்து, நானே அளவுப் புத்தகத்தில் பதிந்த நடைபாதை. அதில் ஒருவர்கூட நடக்கவில்லை.

குழாய் வேலையை மறந்துவிட்டு, காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டியிடம் ஏன் மேலே ஏறி நடக்கவில்லை என்று கேட்டேன். "ஏன் சாமி, பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்க இந்த முட்டிக்குத் தெம்பு இருக்கிறதா?" என்றார். கடைக்குக் கடை வண்டி ஏற்றுவதற்காக வெட்டி இறக்கியிருந்தார்கள். இடையிடையே மின்மாற்றி, அதைத் தாண்டினால் உடைந்த சிலாப். என் நடைபாதை ஒன்றரை அடி உயரம்.

அந்த உயரம் எப்படி வந்தது என்பதை அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டோம். சாலை உயர்ந்தது. அதற்கேற்ப மழைநீர் வடிகாலின் சுவரை உயர்த்தினோம். வடிகாலின் மூடியையே நடைபாதை என்று பெயரிட்டோம். ஆக, நடப்பவருக்கென்று நாங்கள் எதையும் வடிவமைக்கவே இல்லை. சாக்கடையின் மேல் மிச்சமிருந்த இடத்தைக் கொடுத்தோம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் மாநில அரசு உத்தரவிட்டபோது நான் மனதாரக் கைதட்டினேன். அது ஒழுங்காக நடந்தாலே பாதி நடைபாதைகள் காலுக்கு எட்டிவிடும்.

விதிகளில் குறையில்லை. அதே இந்திய சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நடைபாதை வழிகாட்டி, உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது, அரை அடி. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், நம் கணக்கில் ஆறடி. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போவதற்கான அளவு அது. அந்தப் புத்தகம் என் அலமாரியிலேயே இருந்தது.

அடுத்த சாலைக்கு வரைபடம் போடுவதற்கு முன் மூன்று சனிக்கிழமைகள் இரவில் அங்கே நின்று எண்ணினேன். படிவத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் இழுத்து 'நடப்பவர்' என்று எழுதிக்கொண்டேன். முதல் நாள் எடுத்துப் போன தாள்கள் போதவில்லை. மிதிவண்டிக்காரர்கள் வடிகாலின் இரும்புச் சல்லடை வரும் இடங்களில் எல்லாம் திடீரென்று நடுச்சாலைக்கு ஒதுங்குவதையும் அப்போதுதான் கவனித்தேன். இறங்கிப் பார்த்தால், சல்லடையின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே கிடந்தன. டயர் சரியாக அந்த இடைவெளியில் இறங்கும். கம்பிகளைக் குறுக்குவாட்டில் மாற்றி வைக்க ஆன செலவு மிகச் சொற்பம். எத்தனை பேர் அதில் விழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வாசலில் வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்பது அவர்கள் கவலை. தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்தினால் போதும், அகலம் கிடைத்துவிடும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அப்படி எளிதாக அகற்ற விடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றை அந்த மூன்று இரவுகளில் கண்டேன்: இட்லிக் கடை வெளிச்சம் இருக்கும் இடத்தில் பெண்கள் தயங்காமல் நடக்கிறார்கள், வெளிச்சம் முடிந்ததும் நடை வேகமாகிறது. வண்டிகளுக்கு ஓரமாக இடம் குறித்துவிட்டு ஆறடியை விட்டோம். எல்லா இடத்திலும் முடியவில்லை. இரண்டு இடங்களில் நான்கடியோடு நிற்க வேண்டியிருந்தது.

2016 ஜனவரியில் மத்திய அரசின் சீர்மிகு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் முதல் பட்டியலிலேயே கோயம்புத்தூர் இடம்பெற்றது. அதன்பின் ரேஸ் கோர்ஸிலும் ஆர்.எஸ்.புரத்தின் டி.பி. சாலையிலும் அகலமான நடைபாதைகள் வந்தன. அங்கே நடந்து பார்த்தேன், நல்ல வேலை. அதே கவனம் ஷிப்ட் விட்டு வருகிறவர்களின் சாலைக்கும் வர வேண்டும் என்பதே என் ஆதங்கம். சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற கொள்கையில், போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் என்று எழுதியே வைத்தார்கள். எங்களைப் போன்ற சிறிய ஊர்களில் அப்படி ஒரு வாசகம் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் மன்றாட வேண்டியிருக்காது.

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. எங்கள் சாலைக்கு அருகிலுள்ள பள்ளியில் ஒரு மாணவியின் அப்பா, "வண்டியை வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறோமுங்க, அந்த ரோட்டில் எப்படி அனுப்புவது?" என்று கேட்டார். சாலை வேலை முடிந்த பிறகு அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். இப்போது அந்தப் பெண் சந்திப்பு வரை ஓட்டி வருகிறாள். சந்திப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறாள். சந்திப்புக்கான மதிப்பீடு இன்னும் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. அதன் இணைப்பில், பேனாவால் கட்டம் இழுத்த அந்தத் தாள்களையும் வைத்திருக்கிறேன்.