நகர்வலம் வரும் கோணேசரும் சித்தப்பாவின் கைபேசியும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு ஏ15 வீதியில் இப்போது மூன்று நான்கு மணித்தியாலத்தில் போய்விடலாம். அம்மாவின் காலத்தில் அது ஒரு நாள் பயணம். ஆறும் களப்பும் குறுக்கிடும் இடங்களில் எல்லாம் பஸ்ஸை விட்டிறங்கி, 'பாதை' என்ற மிதவைப் படகு வரும்வரை வெயிலில் நின்று, அக்கரை போய் மறுபடி ஏற வேண்டும். போர்க்காலத்தில் அந்த வழியே அடைபட்டுப் போனது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்தைத் திறந்தார்கள், அப்புறம் மற்றப் பாலங்களும் வந்தன. வாகரை, வெருகல், சேருநுவர, மூதூர்ப் பக்கம், கிண்ணியா என்று ஜன்னலோரம் ஊர்கள் போகும். கோயில் மணி, விகாரையின் வெள்ளைத் தாதுகோபம், பள்ளிவாசல் மினாரா எல்லாம் மாறி மாறித் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான்.

2025 சிவராத்திரி பெப்ரவரி 26ஆம் திகதி வந்தது. திருகோணமலை மலைக்கோயில் சிவனான கோணேசரைத் தரிசிக்கவும், அதைத் தொடர்ந்து சுவாமி ஊருக்குள் இறங்கி வரும் நகர்வலத்தைப் பார்க்கவும் சித்தப்பா வீட்டில் போய்த் தங்கினேன். சித்தப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மாவட்ட சர்வமதக் குழுவில் தொண்டராக இருக்கிறார். சம்பளமில்லை, ஓட்டோக் காசுகூடக் கையிலிருந்துதான் போகிறது என்பது சித்தியின் முறைப்பாடு.

அந்தக் குழுக்கள் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மதத் தலைவர்கள் சேர்ந்து குத்துவிளக்கேற்றுவார்கள், ஒருவர் நல்லிணக்கம் பற்றிப் பேசுவார், பட்டீஸும் பிளேன்டீயும் வரும், படம் எடுப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களில் எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பாவின் வேலை அந்தப் படத்தில் வராத பகுதி என்பது இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

முதலில் மலை. கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் மான்கள், இராணுவ முகாம், அதே வளாகத்தில் கோகண்ண விகாரை, உச்சியில் கோணேசர். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகும் சனங்கள் விட்டுவிடவில்லை. கோயில் இல்லாத மலைவிளிம்பில் நின்று கற்பூரம் காட்டி, படையலைக் கடலில் போட்டு வணங்கியதை ஆங்கிலேயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம். முந்நூற்றுச் சொச்ச வருடம் கூரையில்லாமல் கும்பிடப்பட்ட சாமி.

நான்கு யாமமும் இருந்தேன். இரண்டாம் யாமப் பூசைக்குப் பிறகு வெளியே வந்து இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுப் பக்கம் நின்றால், கீழே கடல் இருட்டில் உறுமுவது மட்டும் கேட்கிறது. விளிம்பு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று தட்டுப்பட்டன. உள்ளே மாதுமையம்மன் சந்நிதியில் ஒரு பாட்டி சம்பந்தர் பதிகத்தைத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். 'குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும் கோணமாமலை' என்ற அடி வரும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. சம்பந்தருக்கே மலையோடு சேர்த்து ஊரும் தெரிந்திருக்கிறது.

விடியற்காலை நாலாம் யாமம் முடிந்து விபூதி வாங்கும்போது சித்தப்பாவின் கைபேசி அதிர்ந்தது. வட்ஸ்அப்பில் ஒரு படமும் குரல்பதிவும் வந்திருந்தன. நகர்வலத்துக்குக் கட்டிய நந்திக்கொடிகளை இரவோடிரவாக அறுத்து எடுத்துவிட்டார்களாம். படத்தில் கொடிகள் ஒரு முஸ்லிம் தேநீர்க் கடை வாங்கில் கிடந்தன. ஏற்கெனவே பல குழுக்களைத் தாண்டி வந்த செய்தி. "இதுக்குமேல என்ன ஆதாரம் வேணும்?" என்று முடித்திருந்தார் யாரோ.

இந்த ஊரில் அப்படி ஒரு செய்தி சும்மா கிடக்காது. 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர்கள் 30க்குக் கொஞ்சம் மேல், சிங்களவர் 27. யாரும் பெரும்பான்மை இல்லை, எல்லோருக்கும் பயம். 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓரிரவில் ஒரு புத்தர் சிலை முளைத்தது, ஊர் கடையடைப்பில் நின்றது. 2006 ஏப்ரல் 12, புத்தாண்டுக்கு முதல் நாட்களில், சந்தையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கடைகள் எரிந்ததை சித்தி இன்றைக்கும் தெருப்பெயர் சொல்லித்தான் நினைவுகூர்வார்.

சித்தப்பா அந்தக் குரல்பதிவுக்குப் பதில் போடவில்லை. கிண்ணியாவைச் சேர்ந்த, நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அழைத்தார். அவரும் குழுக்காரர்தான். "முதல்ல போய்ப் பாத்துட்டுக் கதைப்பம் சேர்" என்றார் நானா. நித்திரை இல்லாத கண்ணோடு நானும் ஓட்டோவில் ஏறினேன்.

கொடிக் கயிறு அறுந்துதான் கிடந்தது. ஆனால் வெட்டின முனையில்லை, இழுபட்டுப் பிய்ந்த முனை. நானா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நார் பிரிந்திருந்ததைச் சித்தப்பாவுக்குக் காட்டினார். எதிரே இருந்த மருந்துக் கடையைத் திறக்கச் சொல்லிக் கெமராவைப் பார்த்தோம். அதிகாலை, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரத்தில் தேநீர்க் கடைப் பையன் வருகிறான், வீதியில் கிடந்த கொடிகளைப் பொறுக்கித் தூசு தட்டி மடித்துக் கடை வாங்கில் வைக்கிறான். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று வைத்ததுதான் அந்தப் படம்.

இதற்குப் பிறகு சித்தப்பா செய்த வரிசையைக் கவனித்தேன். முதலில் கொடி கட்டிய இளைஞர் கழகப் பொடியன்களைக் கூப்பிட்டுக் கெமராவில் காட்டினார். பிறகுதான் குழுக்களுக்குக் குரல்பதிவு போனது, அதுவும் கழகத் தலைவரின் குரலில். பொலிஸுக்குச் சொன்னது கடைசியில், தகவலாக மட்டும். "பொலிஸ் முதல்ல வந்தா பெடியளுக்கு முகம் போயிடும் பிள்ளை. பிறகு உண்மை எதுவா இருந்தாலும் கேக்க மாட்டாங்கள்." கயிற்றை உயரமாகக் கட்ட தேநீர்க் கடையிலிருந்தே ஏணி வந்தது. பையனை யாரும் மாலை போட்டுக் கௌரவிக்கவில்லை. நல்ல வேளை. அவன் பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான்.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று பிற்பகல் கேட்டேன். 2003இல் நொன்வயலன்ட் பீஸ்போர்ஸ் என்ற சர்வதேச அமைப்பு மூதூரில் அலுவலகம் போட்டபோது சித்தப்பா அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தார். ஆயுதமில்லாத வெளிநாட்டுத் தொண்டர்கள். பதற்றமான இடத்தில் போய் நிற்பார்கள், இரு பக்கத்தாரோடும் பேசுவார்கள், கேட்டதைச் சரிபார்ப்பார்கள். "சும்மா நிக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கினமே எண்டு சிரிச்சனாங்கள்," என்றார். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு, உதவி நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிற்பதால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி மேலே கதைக்கவில்லை.

நகர்வலத்தில் வேறொரு சிக்கலும் இருந்தது. சிவராத்திரி கழிந்த கையோடு ரமழான் தலைப்பிறை. சுவாமி ஒரு பள்ளிவாசல் இருக்கும் வீதியால் வரும் நேரமும் தராவீஹ் என்ற ரமழான் இரவுத் தொழுகைக்குச் சனம் வந்து நிறையும் நேரமும் ஒன்றாகிவிட்டன. வாகன நெரிசல் ஒரு பக்கம், மேளமும் ஒலிபெருக்கியும் இன்னொரு பக்கம். இதைப் பேசக் கூடிய குழுக் கூட்டத்தில் ஒரு தம்பி, அந்த வீதியை மட்டும் மறுபக்கமாகச் சுற்றினால் என்ன என்றார். குருக்கள் சிரித்துவிட்டார். "வலம் எண்டா வலம்தான் தம்பி. சுவாமியை இடமாக் கொண்டுபோக ஏலுமா?" நியாயம்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து வந்த பெரியவரும் அதற்குத் தலையாட்டினார். மக்காவில் கஃபாவைச் சுற்றி வரும் தவாபுக்கும் ஒரு திசை இருக்கிறதே என்றார். கடைசியில் புறப்பாட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு இழுத்தார்கள். தொழ வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களைப் பின் ஒழுங்கையில் விடச் சொல்லிப் பள்ளியில் அறிவித்தார்கள். 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தியது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தை யாரும் கூட்டத்தில் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் ஆளுக்கொரு சட்டம் எடுத்திருப்பார்கள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. கன்னியா வெந்நீரூற்றுப் பிள்ளையார் கோயில் காணிப் பிரச்சினையில் 2019 ஜூலையில் போராடப் போன சைவத் துறவி மேல் சுடுதேநீர் வீசப்பட்டது. பஸ் நிலையச் சிலை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. காணி, தொல்லியல், புதிய விகாரைகள் எதுவும் இந்தக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் இல்லை. "கயிறு கட்டிக்கொண்டிருந்தால் அதெல்லாம் தீருமா சித்தப்பா?" என்று கேட்டேன். "தீராது. அதுக்கு வழக்கு இருக்கு, வோட்டு இருக்கு. அது தீரும்வரை இந்தத் தெருவில ஆக்கள் இருக்க வேணுமே," என்றார். எனக்கு அரை மனந்தான். பெரிய அநியாயத்தைப் பேசாத சமாதானம் பலமானவனுக்கு வசதியாகப் போய்விடாதா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. குழுவில் இருந்த ஒரு சிங்களத் தொண்டர் அம்மாவுக்கும் அதே கேள்வி இருந்தது. குழுவை விட்டு வெளியே, கன்னியா வழக்குத் தாள்களைச் சிங்களத்தில் வாசித்துத் தன் ஊர்க்காரருக்கு அவர் விளக்கியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் வீதியின் முறை வந்த மாலை சுவாமி வந்தார். வீட்டுக்கு வீடு படலையடியில் மேசை, வெள்ளைத் துணி, நிறைகுடம், மாவிலை, குத்துவிளக்கு. சித்தி தேங்காயில் குங்குமம் சரியாக ஒட்டவில்லையென்று மூன்று தரம் துடைத்துத் துடைத்து வைத்தார். நாதஸ்வரம் தெருமுனையில் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலில் ஏறிவிட்டார்கள். எங்கள் வாசலில் நின்றபோது தீப ஒளியில் சுவாமியின் முகம் மாலைகளுக்கு நடுவே துலக்கமாகத் தெரிந்தது. மலையில் வரிசையில் நின்று தள்ளுப்பட்டுக் கண்ட முகத்தை இங்கே இரண்டு முழத் தூரத்தில், நம் வீட்டுத் தேங்காயை ஏற்றுக்கொண்டு நிற்பதாகக் காண்பது வேறு அனுபவம். கண் நிறைந்தது. கோணேசரிடம் என்ன கேட்பதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போச்சு. சித்தப்பா மட்டும் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் வீதி மூலையைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார். அங்கே நானாவும் இளைஞர் கழகத்தாரும் வாகனங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை இடியப்பத்துக்கு உட்காரும்போதே அழைப்பு. விகாரையின் பௌத்த பிக்குவான தேரர், மே மாத வெசாக் பண்டிகைத் தோரணத்தை எந்தச் சந்தியில் நிறுத்துவதென்று இப்போதே கேட்கிறார். சித்தப்பா அரைகுறைச் சிங்களத்தில், அதற்கு முதல் கோணேசரின் ஏப்ரல் தேர் இருக்கிறது, அந்தச் சந்தியால் தேர் திரும்பும், அளவுநாடா கொண்டுவருகிறேன், திங்கட்கிழமை சந்திப்போம் என்றார். சித்தி சொதியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஓட்டோக் காசை அந்த ஹாமுதுருவிடமே கேட்கச் சொன்னார்.