அரசு இருமுறை விற்ற நிலம்: இந்தியானாவில் ஒரு மூலப்பத்திரத் தேடல்

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் தென்பகுதியில் நாங்கள் வாங்கிய சிறு நிலத்தின் பத்திர வரலாறு, 1830களில் அரசு அதை உள்ளடக்கிய 80 ஏக்கரை ஒருவருக்கு ரொக்கத்துக்கு விற்றதில் தொடங்குகிறது. ஆனால் மேற்கே எங்களை ஒட்டி நிலம் வைத்திருப்பவர், தம் முன்னோர் ஒருவர் 1817இல் அரசிடம் 160 ஏக்கர் வாங்கியதாகவும், எங்கள் நிலமும் அதற்குள் அடங்கியதே என்றும் சொன்னார். வாய்ப்பேச்சாக மட்டும் சொல்லவில்லை. நில அலுவலகத்தில் பணம் வாங்கிய அதிகாரி தந்த ரசீதின் நகலையும் காட்டினார். அதிலிருந்த செக்ஷன் எண்ணும் (செக்ஷன் என்பது அரசு நில அளவையில் ஒரு சதுர மைல் கட்டம்) திசைக் குறிப்பும் எங்கள் நிலத்தோடு சரியாகப் பொருந்தின. அப்படியானால் ஒருமுறை விற்ற நிலத்தை அரசு எப்படி மறுபடி விற்றது? இதில் வில்லங்கம் ஏதேனும் இருக்கிறதா? பத்திரங்களைச் சரிபார்த்துக் காப்பீடு வழங்கிய நிறுவனத்திடம் கேட்டபோது, அரசின் உரிமைப் பத்திரத்துக்கு முன்னால் போக வேண்டிய தேவையே இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். சட்டப்படி அது சரியான பதில்தான். ஆனால் அண்டை வீட்டாருக்குச் சொல்லக்கூடிய பதில் அது அல்ல.

முதலில் எளிதான வேலையைச் செய்தேன். அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இணையதளத்தில் பெயர் தெரியாவிட்டாலும், நில அளவையில் இடத்தைக் குறிக்கும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் எண்களைக் கொடுத்தால் அந்த நிலத்துக்கு வழங்கப்பட்ட உரிமைப் பத்திரங்களின் படிமம் கிடைக்கும். தேடுகிறவர்கள் பெயரைவிட நில எண்ணையே நம்புவது நல்லது. அக்கால எழுத்தர்கள் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அந்தக் கால் செக்ஷனுக்கு, அதாவது 160 ஏக்கருக்கு, இரண்டு பத்திரங்கள் இருந்தன. மேற்குப் பாதி 80 ஏக்கர், 1820களில், அண்டை வீட்டாரின் முன்னோர் பெயரில். கிழக்குப் பாதி 80 ஏக்கர், பிற்காலத்தில், வேறொருவர் பெயரில். முதல் பத்திரத்தின் கீழே ஜனாதிபதியின் பெயர் இருந்ததைப் பார்த்து அண்டை வீட்டார் மகிழ்ந்தார். 1833 வரை இப்பத்திரங்களில் ஜனாதிபதியே கையொப்பமிட்டார் என்பது உண்மைதான். ஆயினும் இணையத்தில் காண்பது அலுவலகப் பதிவேட்டில் எழுத்தர் பெயர்த்தெழுதிய படி. கையொப்பமும் எழுத்தரின் கையெழுத்திலேயே இருக்கும்.

160 ஏக்கர் வாங்கியவருக்கு 80 ஏக்கருக்கு மட்டும் பத்திரம் ஏன் வந்தது என்பதற்கு விடை, அன்றைய கடன் முறையில் இருந்தது. 1800ஆம் ஆண்டின் சட்டப்படி அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 2 டாலர். கால் பங்கை முன்பணமாகச் செலுத்திவிட்டு, மீதியை இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளின் முடிவில் கால் பங்கு வீதம் கட்டலாம். 1804க்குப் பிறகு 160 ஏக்கர் வரை சிறிதாகவும் வாங்க முடிந்தது. எனவே 320 டாலர் பெறுமானமுள்ள நிலத்தில் 80 டாலரோடு குடியேறிவிடலாம்; மீதியை நிலமே ஈட்டித் தரும் என்பது கணக்கு. 1819இல் அந்தக் கணக்கு பொய்த்தது. வங்கிகள் கடனை இறுக்கின, விளைபொருள் விலை சரிந்தது, பல வங்கிகளின் நோட்டுகளை நில அலுவலகங்கள் வாங்க மறுத்தன. நாடு முழுவதும் நிலம் வாங்கியோர் அரசுக்குத் தர வேண்டிய பாக்கி 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி அலபாமா மாநிலத்தில் மட்டும் இருந்தது. 1820 ஏப்ரலில் இயற்றிய சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் கடன் விற்பனையை ஒழித்து, விலையை 1.25 டாலராகக் குறைத்தது. புதிதாக வருவோருக்கு அது நன்மை. ஏற்கெனவே 2 டாலர் விலையில் கடன்பட்டிருந்தவர்களுக்கோ வயிற்றெரிச்சல்.

அவர்களுக்காக வந்ததுதான் 1821 மார்ச் 2ஆம் நாளின் நிவாரணச் சட்டம். கடன் தள்ளுபடி என்றவுடன் நமக்குத் தோன்றுவதுபோல அசலை ஒரேயடியாகத் தள்ளிய சட்டம் அல்ல அது. சேர்ந்திருந்த வட்டி நீக்கப்பட்டது. அதன்பின் கடன்காரருக்கு மூன்று வழிகள் இருந்தன. நிலத்தின் ஒரு பகுதியை அரசுக்கே திருப்பிக் கொடுத்து, அதற்காகக் கட்டிய பணத்தையும் எஞ்சிய பகுதியின் விலையில் வரவு வைத்துக்கொள்ளலாம். அல்லது பாக்கியை 1822 செப்டம்பர் 30க்குள் மொத்தமாகக் கட்டி 37.5 சதவீதக் கழிவு பெறலாம். 2 டாலரில் அந்தக் கழிவைக் கழித்தால் சரியாக 1.25 டாலர் வரும் என்பதால், சட்டம் எழுதியவர்கள் எந்த விலையை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது தெளிவு. இரண்டும் முடியாதவர்கள் தவணையை நீட்டிக்கலாம்: கால் பங்கு மட்டும் கட்டியிருந்தால் எட்டு ஆண்டுத் தவணை, பாதி கட்டியிருந்தால் ஆறு, முக்கால் கட்டியிருந்தால் நான்கு.

சட்டத்தைப் படித்ததும் விடை ஊகிக்கும்படியாகிவிட்டது. சான்று மட்டுமே தேவைப்பட்டது. வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நிலக் கோப்புகள் இருக்கின்றன. உரிய படிவத்தில் நில எண்ணையும் அலுவலகத்தின் பெயரையும் குறித்துக் கட்டணம் கட்டினால் நகல் அனுப்புவார்கள். 1820ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே கடனைத் தீர்த்தவர்களின் சான்றுகளை ‘கிரெடிட் பிரையர்’ என்றும், அதன்பின் தீர்த்தவர்களின் சான்றுகளை ‘கிரெடிட் அண்டர்’ என்றும் இரு தொகுதிகளாக வைத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் வெறும் சான்று எண்ணை மட்டும் எழுதினால் வேறொருவரின் கோப்பு வரக்கூடும். எங்களுக்கு வந்தது பெயர், நிலம், தொகை, தேதி தவிர வேறேதும் இல்லாத மெல்லிய கோப்பு. குடியேறிய குடும்பத்தின் கதை கிடைக்கும் என்று நினைத்து இத்தகைய கோப்புக்குக் காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். குடியேறிப் பயிரிட்டவர்களுக்கு அரசு நிலம் வழங்கிய, 1862க்குப் பிந்தைய ஹோம்ஸ்டெட் திட்டத்தின் கோப்புகளில் கிடைக்கும் செழுமை இவற்றில் இல்லை.

உண்மையில் உதவியது இண்டியானாபொலிஸில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம். பழைய ஜெபர்சன்வில் நில அலுவலகத்தின் ஏடுகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்த ஊழியர் நான் பெயரைச் சொல்லத் தொடங்கியதுமே கையமர்த்தி, செக்ஷன் எண்ணைக் கேட்டார். நுண்படச்சுருளில் அந்தப் பதிவு மங்கலாகத்தான் தெரிந்தது. 1817இல் 160 ஏக்கர், இரண்டு முறை 80 டாலர் வரவு, அதன்பின் கிழக்குப் பாதிக்கு எதிரே, திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்னும் குறிப்பு, 1821 செப்டம்பர் தேதியோடு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் அந்த மாதம் 30ஆம் தேதி.

கணக்கு இதுதான். அவர் கட்டியிருந்தது 160 டாலர். 80 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்ததும், மிஞ்சிய 80 ஏக்கரின் விலை 2 டாலர் வீதம் அதே 160 டாலர். மேற்கொண்டு ஒரு காசும் கட்டாமல், கடனின்றி, மேற்குப் பாதி அவருடையதாயிற்று. அவரிடம் 100 டாலர் ரொக்கம் இருந்திருந்தால் கழிவைப் பயன்படுத்தி 160 ஏக்கரையும் வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் விட்ட கிழக்குப் பாதியை வாங்கியவர் செலுத்தியதும் அதே 100 டாலர்தான். நிவாரணம் நிவாரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் நாணயம் இருந்தவருக்கு அது அதிகம் கொடுத்தது. உழைத்துச் சேர்த்ததையெல்லாம் நிலத்தில் போட்டவருக்கு நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. விலை ஏறும் என்று எண்ணி ஏராளமாக வாங்கிப்போட்ட வியாபாரிகளும் இதே சட்டத்தில் இதே சலுகையைப் பெற்றார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதிவின் நகலை எங்கள் பத்திரங்களோடு இணைத்து வைத்திருக்கிறோம். அண்டை வீட்டார் அதைப் படித்துவிட்டு, முன்னோர் ஏமாற்றப்படவில்லை என்பதில் நிம்மதி கொண்டார். எந்தப் பாதியில் ஓடை இருக்கிறது என்பதை வரைபடத்தில் உடனே பார்த்து, கிழவர் சரியான பாதியைத்தான் பிடித்துக்கொண்டார் என்றும் சொன்னார். இப்போது அவர் தம் தாய்வழியினர் இந்தியானாவின் இன்னொரு நில அலுவலகமான வின்சென்ஸில் வாங்கிய நிலத்தைத் தேடச் சொல்கிறார். அது திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை, தவணை கட்டாமல் பறிமுதலானதுபோல் இருக்கிறது. அத்தகையோர் இழந்த பணத்துக்கு ஈடாக, வேறு அரசு நிலம் வாங்கப் பயன்படும் சான்றிதழ்கள் வழங்க 1828இல் தனிச் சட்டம் வந்தது. அந்தத் தேடலை அங்கிருந்து தொடங்க வேண்டும்.