இரண்டு வால்வுக்கு எட்டுக் கூட்டம்

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த 31 ஆண்டுகளில், சிரிப்பு வந்தால் வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். போர்வெல் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு பற்களில் ஏற்றிய பழுப்புக் கறை அது. எவ்வளவு துலக்கினாலும் போகாது. ஜப்பான் நிதியுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கப்பட்டபோது, அந்தக் கறைக்கு முடிவு வந்துவிட்டதென்றே நம்பினோம். ஓய்வுபெற்ற பின் கிராமக் குடிநீர்க் குழுவில் உறுப்பினரான பிறகுதான், காவிரி நீர் ஊருக்கு வந்து சேர்வதும் அது எங்கள் குடத்தில் விழுவதும் வேறு வேறு என்பது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் விதிப்படி இந்தக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இருந்தோம், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டோம். வீட்டுக்கு வீடு குழாய் போடுவதற்கான முதல் கூட்டத்துக்கு வரைபடம் முடிந்த நிலையிலேயே வந்தது. ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் 10 சதவீதத்தை மக்கள் பங்காகத் தர வேண்டும் என்று வாசித்தார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணம் இல்லாததுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வரைந்து முடித்த படத்துக்குப் பங்கு மட்டும் கேட்டதுதான் காரணம் என்பது என் கருத்து.

இரண்டாவது முறை வந்த இளம் பொறியாளர், மேசை நாற்காலி வேண்டாம் என்று சொல்லி மாரியம்மன் கோயில் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்தார். இது முற்றிலும் புதிய வழக்கமன்று. 2000களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திலேயே ‘கூடம்’ என்ற பெயரில், மேலதிகாரியும் கீழ்நிலை ஊழியரும் பதவி பார்க்காமல் வட்டமாக அமர்ந்து பேசும் முறை நடைமுறைக்கு வந்தது. அன்று பெண்கள் கோலமாவால் தெருக்களை வரைந்து, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தார்கள். மேட்டுத் தெருவுக்கு வந்ததும் ஒருத்தி, “எங்களுக்குத் தண்ணி ஏறதுக்குள்ள தக்காளி பறிக்கப் போற வண்டி கிளம்பிடுது சார்” என்றாள். எல்லாத் தெருவுக்கும் ஒரே லைனில் ஒரே நேரத்தில் திறந்தால் பள்ளத்துத் தெரு அழுத்தத்தை முழுவதும் இழுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முதல் வால்வு அந்த இடத்தில்தான் முடிவானது: ஐந்து மணிக்கு மேட்டுத் தெரு, அதன் பிறகே பள்ளம்.

இரண்டாவது வால்வு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. பரிசோதனைப் பெட்டி எங்களிடம் இருந்தது. மருந்து கலந்ததும் இளஞ்சிவப்பாகும் நீர், ஃபுளோரைடு கூடக்கூட மஞ்சளை நோக்கிப் போகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. ஒரே தொட்டித் தண்ணீர் ஒரு நாள் சிவந்தும் ஒரு நாள் மஞ்சளித்தும் நின்றது. காய்ச்சிக் குடித்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். காய்ச்சினால் நீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும் என்பதை விளக்கவே ஒரு கூட்டம் கழிந்தது. ஐந்தாவது கூட்டத்துக்குத்தான் டேங்க் ஆபரேட்டரை அழைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். “ஒகேனக்கல் தண்ணி கம்மியா வர்ற அன்னிக்கு போர் மோட்டாரைப் போட்டுத்தான் டீச்சர் தொட்டிய ரொப்பறேன். நிறையலன்னா எல்லாரும் என்னைத்தானே திட்டறீங்க?” என்றார். உண்மைதான். தொட்டி நிறைந்ததா என்று கேட்டோமே தவிர, எதனால் நிறைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போர் லைனைப் பெரிய தொட்டியிலிருந்து வால்வு வைத்துப் பிரித்து, துவைக்கவும் மாட்டுக்கும் தனியே ஒரு சின்டெக்ஸ் தொட்டிக்குத் திருப்புவது என்று எட்டாவது கூட்டத்தில் முடிவெடுத்தோம்; மார்ச் 22 கிராம சபையில் அது தீர்மானமானது. மக்கள் பங்கை உழைப்பாகவும் தரலாம் என்பதால், பாதியைக் குழாய்ப் பள்ளம் தோண்டியே ஈடுகட்டினோம். படத்தில் தங்கள் புளியங்கொட்டை இருந்த வீடுகளில் பணம் கேட்டுப் போனபோது, முதல் கூட்டத்தின் மௌனம் எங்கும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. எட்டுக் கூட்டங்களில் ஐந்து, வேலை நாளில் நடந்தவை. வந்த அதிகாரிகளுக்குப் பயணப்படி உண்டு. பறிப்புக் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பெண்களுக்கு ஒன்றும் இல்லை. எஸ்டிமேட்டில் வால்வின் விலை இருக்கிறது, அந்தக் கூலி இல்லை.

இப்போது தொட்டியின் கீழே ஒரு கரும்பலகை தொங்குகிறது. அன்றைக்கு வந்தது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று ஆபரேட்டர் அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுகிறார். கோடையில் காவிரி நீர் இரண்டு நாள் தடைபட்டபோது சிலர் சின்டெக்ஸ் தண்ணீரையே குடிக்கப் பிடித்தார்கள். அது என்ன தண்ணீர் என்று தெரிந்தே பிடித்தார்கள். பள்ளத்துத் தெருவினரோ, தங்களுக்கு ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது, ஓசூர் கம்பெனி பஸ் ஆறரைக்கே போய்விடுகிறது என்கிறார்கள். ஒன்பதாவது கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர்கள் தெருவில்.