மல்கோவாவுக்கு அடுத்தது எது?

என் மாமா சந்தூரில் மா ஒட்டுக்கன்று நர்சரி வைத்திருக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த ஊரைச் சொல்லத் தேவையில்லை; மாங்கன்று என்றால் சந்தூர்தான். போன மாதம் அவருக்கு ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்தேன். வகைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், அதன் கீழே 'முந்தையது', 'அடுத்தது' என்று இரண்டு பொத்தான்கள். ஓசூரில் நாளெல்லாம் நிரல் எழுதுகிறவனுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் நாளே போன் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, ஐந்து வகை எழுதிக் கொடுத்தேன். நாலுதான் வருகிறது. இமாம்பசந்தைக் காணோம்."

திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் நின்று 'முந்தையது' பொத்தானை அழுத்தினேன். இமாம்பசந்த் வந்து நின்றது. "இருக்கிறதே மாமா" என்றேன். "எனக்கு வரவில்லையே" என்றார். போனை வைத்துவிட்டு, பெரியவருக்கு அழுத்தத் தெரியவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பட்டியலை ஓர் அணியில், அதாவது எண்ணிட்ட வரிசையில், வைத்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'அணி' என்று படித்ததால் அந்தச் சொல்லே வாயில் வருகிறது. நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எண்ணிக்கை 0இல் தொடங்கும்: 0 பெங்களூரா, 1 செந்தூரா, 2 நீலம், 3 மல்கோவா, 4 இமாம்பசந்த். பக்கத்தின் தலைப்பை எடுத்து 'இன்டெக்ஸ்ஆஃப்' என்ற கட்டளை கொண்டு அது அணியில் எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடுவேன். கிடைத்த எண்ணோடு 1 கூட்டி, 5ஆல் வகுத்த மீதி அடுத்தது. 1 கழித்து, 5 கூட்டி, அதே போல மீதி எடுத்தால் முந்தையது. அந்த 5ஐக் கூட்டாவிட்டால் முதல் பக்கத்தில் மீதி -1 என்று வந்து நிற்கும். பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் அதுவே 4 என்று ஒழுங்காக வரும். கடைசிக்குப் பிறகு மீண்டும் முதல் என்று சுற்றிவர வேண்டும் என்பது நானே விரும்பி வைத்த ஏற்பாடு.

அந்தச் சுற்றுதான் என் கண்ணை மறைத்தது. மறுநாள் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போது, மாமாவைப் போலவே 'அடுத்தது' ஒன்றையே அழுத்திக்கொண்டு வந்தேன். பெங்களூரா, செந்தூரா, நீலம், மல்கோவா, மறுபடி பெங்களூரா. மல்கோவாவில் 'முந்தையது' அழுத்தினால் பக்கம் ஒருமுறை மினுங்கிவிட்டு அங்கேயே நின்றது.

தேடியது அணியில் இல்லையென்றால் இன்டெக்ஸ்ஆஃப் -1 தரும். அதோடு 1 கூட்டினால் 0, பெங்களூரா. 1 கழித்து 5 கூட்டினால் 3, மல்கோவாவே. கணக்கு சரியாக இருந்தது. ஆனால் மல்கோவா பட்டியலில் இல்லையாமே? அணியில் உள்ள பெயர், பக்கத்தின் தலைப்பு இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பிறகு இரண்டின் நீளத்தையும், அதாவது எத்தனை குறிகள் என்பதை, அச்சிட்டேன். ஒன்று 7, மற்றது 8.

குற்றவாளி 'கோ'. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. அணியை நான் தட்டச்சு செய்தேன். பக்கத் தலைப்புகளையோ, பழைய எழுத்துருவில் இருந்த விலைப்பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி மாமா மகள் அனுப்பியிருந்தாள். ஐந்து பெயர்களில் ஓகாரம் உள்ளது மல்கோவா மட்டுமே.

அணிப் பெயர், பக்கத் தலைப்பு இரண்டையும் 'நார்மலைஸ்' செய்தால், அதாவது ஒரே குறி வடிவத்துக்கு மாற்றினால், ஒன்றாகிவிடும், செய்தேன். -1 வந்தால் பொத்தானையே காட்டாதே என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகுதான் உறைத்தது: எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறோம் என்பது பக்கத்துக்கே தெரியும்போது பெயரைச் சொல்லி ஏன் தேட வேண்டும்? ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் இன்டெக்ஸ்ஆஃப் முதலாவதைத்தான் காட்டும், அது வேறு தொல்லை. தேடலை எடுத்துவிட்டு எண்ணையே வைத்துவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். கொம்பும் காலும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "அதிருக்கட்டும், பெங்களூராவை எதற்கு முதலில் வைத்தாய்? அது கூழ் ஆலைக்குப் போகிற காய். கன்று வாங்க வருகிறவன் இமாம்பசந்தைத்தான் கேட்கிறான். அதை முன்னால் வை."

வைத்தேன். இப்போது இமாம்பசந்த் 0, மல்கோவா 4. பழைய நிரலில் இந்த வரிசையைப் போட்டுப் பார்த்தேன், சும்மா ஓர் ஆசைக்கு. மல்கோவா கிடைக்காமல் -1 வருகிறது. அடுத்தது 0, முந்தையது 3. இரண்டும் சரியான விடை. மாமா இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பிழை அங்கேயே படுத்திருக்கும், ஒருவருக்கும் தெரியாமல்.