பிள்ளைக்காம்பராவில் இருபது நிமிடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பகலில் ஒருவர் படுத்திருந்தால் அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. "ஏன் படுத்திருக்கீங்க, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றுதான் கேட்பார்கள். விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடி, ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் விழ 18 கிலோ கொழுந்து எடுத்து, கடைசி நிறுவை முடிந்து வருகிற பெண் இரவு 10 மணிக்கு மேல்தான் முதுகைத் தரையில் வைப்பாள். அது தூக்கம். விழித்திருக்கும்போதே உடம்பைச் சும்மா போட்டு வைக்கலாம், அதற்கு ஓய்வு யோகா என்று பேரும் உண்டு என்பது எனக்கே நாற்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கு டீச்சர். வேலைக்குப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் நிலையத்துக்கு வெளியே புதுப் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனாலும் அது அவர்களுக்கு இன்னும் பிள்ளைக்காம்பராதான். நாள் முழுக்கக் குனிந்து பிள்ளைகளைத் தூக்குவது, இறக்குவது, மறுபடி தூக்குவது. 2016ல் ஒருநாள் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கியபடி நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் வரும்வரை இடுப்பில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

மாத்திரை, பூச்சு எண்ணெய், இடுப்புப் பட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் கண்டியில் ஒரு வீட்டு மாடியில் யோகா சொல்லிக்கொடுக்கும் வயதான அம்மா ஒருவரிடம் போனேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, பஸ்ஸில். முதல் நாள் அவர் என்னை எந்த ஆசனமும் செய்ய விடவில்லை. தரையில் படுக்கவைத்து, கெண்டைக்கால் இரண்டையும் ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, கழுத்துக்கடியில் துவாயைச் சுருட்டி வைத்து, மேலே போர்வை போட்டுவிட்டுப் போய்விட்டார். பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மணிநேரம் பஸ்ஸில் வந்தது இப்படிப் படுத்துக்கிடக்கவா என்று. பிறகு எப்போதோ இடுப்பு தரையில் இறங்கியது. அதுவரை அது தரையில் படாமல் இருந்ததே எனக்குத் தெரியாது.

அந்த அம்மாவின் அப்பா, கண்டியில் ஆசிரமம் நடத்திய சச்சிதானந்த சுவாமிகளிடம் ஆசனம் படித்தவராம். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914ல் பிறந்தவர் சுவாமிகள். சிவானந்தரின் சீடராக ரிஷிகேசத்தில் இருந்து 1953ல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் கண்டியிலும் இருந்து கற்பித்துவிட்டு 1966ல் அமெரிக்கா போனார். அங்கே அவரிடம் படித்த டீன் ஓர்னிஷ் என்ற வைத்தியர், இதய நோயாளிகளுக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாட்டோடு மெதுவான ஆசனத்தையும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதன் முடிவு 1990ல் வெளியாகி உலகமெல்லாம் பேசப்பட்டது. இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. கண்டியில் இருந்து போன ஒருவர் அங்கே நோயாளிகளுக்குக் கிடைத்திருக்கிறார். கண்டியில் இருந்து மூன்று மணிநேரத் தூரத்தில் இருக்கிற எங்கள் பெண்களுக்கு யோகா என்றால் ஜூன் 21ம் திகதி பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று செய்வது, அவ்வளவுதான்.

தோட்டத்தில் இதைத் தொடங்கியது 2022ல். டீசல் இல்லாத வருடம். மாலை பஸ் எப்போது வரும், வருமா என்றே தெரியாது. பிள்ளைகள் போன பிறகு நிலையத்தில் ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம் காத்திருப்பேன். சரி, இந்த நேரத்தில் அம்மாமாருக்கு ஏதாவது சொல்லிக்கொடுப்போம் என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த விதம் பிழை. கண்டி அம்மா எனக்குச் செய்ததை விட்டுவிட்டு, யோகா என்றால் எல்லோரும் நினைப்பதையே நானும் செய்தேன். சூரிய நமஸ்காரம். ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு அக்காவுக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்ல டீச்சர்" என்றார். அடுத்த வாரம் யாரும் வரவில்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கேட்டேன். "நாள்பூரா மலையில குனிஞ்சு நிமிர்ந்து வர்ற ஒடம்புக்கு எக்சசைஸ் வேறயா டீச்சர்?" என்றார் அந்த அக்கா. அவர் கேட்டது முழுக்க நியாயம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொழுந்து எடுக்கிற உடம்பை நினைத்துப் பாருங்கள். கூடைக் கயிறு உச்சந்தலையில் இருந்து பின்னுக்கு இழுக்கும். விழாமல் இருக்கக் கழுத்து முன்னுக்குத் தள்ளி நிற்கும். கண் எப்போதும் கீழே, செடியின் மேல். கை இரண்டும் முன்னால் நீண்டே இருக்கும், நெஞ்சுக்கூடு உள்ளே ஒடுங்கும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். மழையில் கொழுந்து நனைந்தால் பாரம் இன்னும் கூடும். இந்த உடம்பில் இழுத்து நீட்ட வேண்டிய தசை இருக்கிறதுதான். ஆனால் நாள் முழுக்க வேலை செய்த தசையிடம் மாலையிலும் இன்னொரு வேலை கேட்டால் அது எப்படி இளகும்? அதற்கு முதலில் பிடித்திருப்பதை விட வேண்டும். விடுவதற்கு, கீழே தாங்க ஏதாவது இருக்க வேண்டும்.

தாங்கத் தலையணை வேண்டும், போர்வை வேண்டும், நாற்காலி வேண்டும். புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் மடித்த போர்வையும் நாற்காலியும் கயிறும் வைத்து நோயாளிகளுக்கு ஆசனம் கொடுத்தார் என்று கண்டி அம்மா சொல்லியிருந்தார். என்னிடம் இருந்தவை பிள்ளைகள் படுக்கும் பாய், குட்டிக் குட்டித் தலையணைகள், ஓரமாக இரண்டு நீள வாங்கு, அதாவது பெஞ்சு. மிச்சத்தை அவர்களே கொண்டுவந்தார்கள். ஒரு வயதான அம்மா, மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு மலைக்குப் போன காலத்துப் பழைய கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்தார். சுருட்டி முதுகெலும்புக்கு நேரே நீளவாட்டில் வைத்துப் படுத்தால், தோள் இரண்டும் தானாகப் பக்கவாட்டில் இறங்கும், நெஞ்சு விரியும். கடையில் விற்கிற எந்தத் தலையணையும் அந்தக் கம்பளிக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

குளிர் பெரிய பிரச்சினை. எங்கள் பக்கம் மாலை ஐந்துக்கே பனி இறங்கிவிடும், சிமெந்துத் தரை ஜில்லென்று இருக்கும். அசையாமல் படுத்தால் உடம்புச் சூடு குறையும், குளிர்ந்தால் தசை மறுபடி இறுகும். அதனால் பாய்க்குக் கீழே வெட்டிய உரச் சாக்கு, மேலே போர்வை, காலில் சொக்ஸ். கண்ணை மறைக்க லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, நான்காக மடித்து வைப்போம். கதவைச் சாத்திவிடுவோம். பாவாடையோடு காலைத் தூக்கி வாங்கில் வைக்க முதலில் எல்லோருக்கும் கூச்சம். இடுப்புவரை போர்த்திய பிறகு அது போய்விட்டது.

இருபது நிமிடத்துக்கு மேல் அவர்களால் நிற்க முடியாது, வீட்டில் உலை வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் மூன்றே நிலைதான். கெண்டைக்காலை வாங்கில் வைத்து எட்டு நிமிடம். நாள் முழுக்க நின்று வீங்கிய கணுக்காலில் தேங்கிய நீர் இறங்க இது உதவும். அப்புறம் கம்பளியின் மேல் நெஞ்சை விரித்து ஐந்து நிமிடம். அதிலிருந்து இறங்கி, கை காலைத் தளர விட்டு மல்லாந்து கிடக்கும் சவாசனம். சிலருக்கு மல்லாந்து படுக்கவே பிடிக்காது. அவர்கள் ஒருக்களித்து, முழங்காலுக்கிடையில் தலையணை வைத்துக்கொள்வார்கள்.

மூச்சைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் காட்டினேன். மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள் என்றேன். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தாமதமாகும். விரலுக்கே தெரியும். உடம்பை ஓடவைப்பது பரிவு நரம்புத் தொகுதி, ஆறவைப்பது பரபரிவு நரம்புத் தொகுதி. மூச்சை நீளமாக விடும்போது ஆறவைக்கும் பக்கம் வேலை செய்கிறது. "நெஞ்சு நம்ம பேச்சைக் கேக்குது டீச்சர்!" என்று ஒரு தங்கச்சி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதை இப்போது நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போதும் செய்வதாகச் சொல்கிறாள்.

இப்படி மறுபடி தொடங்கிய இரண்டாம் வாரமே ஒருவர் குறட்டை விட்டார். சிரித்தவர்களை அமர்த்திவிட்டு அவரை எழுப்பாமல் விட்டேன். மூன்றாம் வாரம் தொடையில் பிடித்துக்கொண்ட அதே அக்கா வந்தார். கம்பளியின் மேல் படுத்துச் சில நிமிடத்தில் லேஞ்சிக்குக் கீழிருந்து கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டு அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். போகும்போது, "எதுக்குன்னு தெரியல டீச்சர், வலி ஒண்ணும் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "இதைச் செஞ்சா சீனி வருத்தம் கொறையுமா?" என்று கேட்டார்கள். கலிபோர்னியாவில் நடந்து 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த ஓய்வு யோகா செய்தவர்களுக்கு, தசையை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட வெறும் வயிற்றுச் சீனி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. மற்ற அளவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் குளிசையை நிறுத்தாதீர்கள், கிளினிக்கை விடாதீர்கள் என்றே சொன்னேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் ஒன்று என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017ல் வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. அது வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதற்கு அனுமதி இல்லை. ஒரு பெண்ணுக்கு இடுப்பில் இருந்து பாதம்வரை மரத்துப்போய், செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை. அவரைப் படுக்கவைக்கவில்லை, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகளை மல்லாந்து படுக்க விடுவதில்லை, இடப்பக்கம் ஒருக்களித்துத்தான். கண் அழுத்தம், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் காலைத் தூக்க வேண்டும்.

இதனால் கூடையின் பாரம் குறையாது, கிலோக் கணக்கும் குறையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் கை காலை விரித்துப் படுக்க இடமும் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். சவாசனத்துக்கு வேண்டியது ஆறடி நிலம். அந்த ஆறடி இல்லை.

அதற்கும் அந்த அக்காவேதான் வழி கண்டுபிடித்தார். இந்த வருடம் மாசி மாதம், மழை இல்லாத நாட்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சவுக்கு மரத்தடியில், வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்கை விரித்து, தலையைப் பள்ளத்துப் பக்கமும் காலை மேட்டுப் பக்கமும் வைத்துப் படுத்திருக்கிறார். மலைச் சரிவே காலைத் தூக்கிக் கொடுக்கிறது, வாங்கு எதற்கு? கங்காணி பதறிப்போய், மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்திருக்கிறார். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல கங்காணி, பத்து நிமிஷம் சும்மா கிடக்கேன்" என்றாராம். அடுத்த வாரம் அந்த நிரையில் நான்கு படங்கு விரிந்தது.

வைகாசியில் மழை பிடித்ததும் அட்டை வந்துவிட்டது, மரத்தடி முடியாமல் போனது. போன செவ்வாய்க்கிழமை பகல், பால் கொடுக்க வந்த அம்மாமாரோடு அக்காவும் இன்னொருவரும் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் தூங்குகிற நேரம் அது. பதினொரு பிள்ளைகள், கையைத் தலைக்கு மேல் எறிந்து, வாயைத் திறந்து, எந்தப் பிடிப்பும் இல்லாமல் கிடந்தார்கள். "ஓரமா படுத்துக்கிறோம் டீச்சர்" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். ஈரப் படங்கை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு இருவரும் பாயின் ஓரத்தில் நீட்டிப் படுத்தார்கள். பிள்ளைகளின் போர்வை இரண்டை எடுத்துப் போர்த்தினேன். நெஞ்சில் இருந்து முழங்கால்வரைதான் எட்டியது. கம்பளியை எடுத்துக் கால் நான்கையும் சேர்த்து மூடிவிட்டு, ஜன்னலைச் சாத்தினேன்.